எங்கள் வீட்டுப் பசு

காலனி ஜனங்கள் என் வயல் வரப்பு வழியாகத்தான் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுக்குப் போவார்கள். அதைத் தடுக்க, பழைய துவைக்கிற கல்லை வரப்பு தொடங்கும் இடத்தில் நட்டு மஞ்சள் பூசினேன். எங்கள் பசு அதன்மேல் தானாகவே பால் சொரிந்தது என்று ஊரில் சொன்னேன். கோயில்களெல்லாம் அப்படித்தானே தொடங்கியிருக்கின்றன. என்னிடம் பசுவே இல்லை என்பது ஊருக்கே தெரியும். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் புறப்பட்டு வந்த காலனி ரோசம்மாள் கல்லைப் பார்த்து நின்றாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, இருந்தாலும் செருப்பைக் கழற்றினாள். “சாமி இருக்கிற எடத்துல நாங்க எப்டிண்ணா நடக்கிறது?” என்றாள். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து தினமும் விடியும்போது கல்லின்மேல் பால் இருக்கிறது. தொட்டால் வெதுவெதுப்பு. நீதான் ஊற்றுகிறாயா என்று என் மனைவி ரம்யாவைக் கேட்டேன்.

“நம்மூட்ல பாக்கெட் பாலுதான வாங்குறோம்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று காலையில் கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று கடப்பாரையோடு போனேன். ஈர மண்ணில் மாட்டுக் குளம்புத் தடம் இருந்தது. வந்த வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது என் வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பியிருந்தது. குறுக்கே என் வரப்பில் ஒரு அடிகூட வைக்காமல், ரோசம்மாளின் செருப்புத் தடத்துக்குப் பக்கத்திலேயே, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது.