கை நடுங்குகிறவன்

பேப்பர்காரர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ஐம்பத்து நாலில், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று சந்தையில் கூடினவர்களைப் போலீஸ் அடித்த அடி மறுநாளே பேப்பரில் வந்தது நிஜம்.

"சேதி அனுப்பினவன் எலும்பை உடைக்கேன்" என்று இன்ஸ்பெக்டர் என் சாயாக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி எழுதச் சொன்னார். கை நடுங்குகிறவன்தான் நிருபனாம். அத்தனை கையும் நடுங்கியது. தெய்வநாயகம் வாத்தியார் மைக்கூட்டையே கவிழ்த்தார்.

"ஓய் பூதலிங்கம், நீரும் எழுதும்!"

பெருவிரலை நீட்டினேன். "மை தடவும் ஏமானே. எனக்கு இதுதான் எழுத்து."

ஏட்டு சிரித்தார். "கைநாட்டுக்கு இங்க என்ன வேல? போயி சாயா போடும் வே!"

போட்டேன். குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

பிறகு வடசேரி பஸ் வந்தது. கண்டக்டர் அபுதாஹிர் சாயாவை வாங்கிக்கொண்டு குனிந்தான். "பாட்டா, இன்னைக்கு என்ன சேதி? நீரு சொல்லுதத எழுத பேப்பர் ஆபீசுல காத்துக்கிட்டிருக்காவ."

"வாத்தியாரு மை கொட்டினதயும் சேத்துச் சொல்லு மக்கா. நான் சொன்னத சொன்னபடி போடணும். அவனுவள நம்ப முடியாது."