அளவுக்குள் ஒரு துடிப்பு

“அம்மா, இது உங்க நாலாவது புகார். கரண்ட் துடிக்குதுங்கிறீங்க, மீட்டர்ல எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு,” என்றார், அந்த அம்மாளின் வீட்டு இணைப்பில் மீட்டரை மாட்டிப் பார்த்த மின்துறைப் பொறியாளர்.

அதே லைனில் கரண்ட் எடுக்கும் பக்கத்து அரவை ஆலை, தன் பெரிய மோட்டாரை டிரைவ் என்ற புது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்த அம்மாள் விட்டபாடில்லை. துணி மடித்தபடி, தலை நிமிராமல், “இப்போ பாருங்க... இதோ... இன்னொண்ணு,” என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் மீட்டரின் கோடு மயிரிழை இறங்கியது. பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“விளக்கு துடிக்கிறது மனுஷன் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இந்த அளவையே வெச்சிருக்கோம். இது அதுல பாதிகூட இல்லையே!”

“பாதியோ முழுசோ, மூணு நாளா கூடிக்கிட்டே போகுது தம்பி.”

பொறியாளர் மனசு கேட்காமல் ஆலைக்குப் போய் டிரைவைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஓர் இணைப்பு தளர்ந்து கருகிக் கிடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால், முப்பது பேர் வேலை செய்யும் ஆலை தீப்பற்றியிருக்கும்.

நன்றி சொல்லத் திரும்பி வந்தவர், “எந்த விளக்கைப் பார்த்தும்மா கண்டுபிடிச்சீங்க?” என்று அண்ணாந்தார். கூரையில் விளக்கே இல்லை.

“பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு விளக்கு எதுக்குப்பா? ஃபேன் சத்தம் தணிஞ்சு தணிஞ்சு வந்துச்சு, அவ்வளவுதான்.”

பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷ சர்வீஸில், ஒரு ஃபேன் சுற்றும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.