பக்கத்து ஸ்கிரீன்

டிரைவர் அண்ணன் மேல எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

லாரி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். அவரை பெல்ட்டில் நிமிர்த்தி, தொடையில் பேட் ஒட்டி லேசா கரண்ட் கொடுத்து, ரோபோ காலை மாட்டி நடக்கவைப்பது என் வேலை. ரோபோ உதவி போக அவரோட சொந்த முயற்சி எவ்வளவுன்னு எதிரே ஸ்கிரீனில் மார்க் வரும்.

பத்தரைக்கு நாற்பது மார்க் வாங்குவார். பதினொண்ணுக்குப் பக்கத்து மெஷினுக்கு இன்னொரு பேஷண்ட், ஒரு ஸ்கூல் டீச்சர், நடக்க வந்ததும் பத்து மார்க்குக்கு இறங்கிடுவார். ஒரு வாரமா இதே கூத்து.

பேடை மாத்தினேன். கரண்டைக் கூட்டினேன். ம்ஹூம். அப்புறம்தான் கவனிச்சேன், மனுஷன் கண்ணு டீச்சர் பக்கமே இருக்கு. அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு. தலை நரைச்சும் புத்தி வரலையேன்னு பத்திக்கிட்டு வந்தது.

வர்ற வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் மார்க்கைப் பார்ப்பார். தேறாதவங்க இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

வியாழக்கிழமை டீச்சர் பதினாலு, இவர் பத்து. "அண்ணே, மனசு வச்சா முடியும். என்னைப் பாருங்க"ன்னு டீச்சரே இவருக்குப் புத்தி சொல்லிட்டுப் போச்சு. இவர் இளிச்சுக்கிட்டே தலையாட்டினார்.

எனக்குப் பொறுக்கலை. 'முயற்சி இல்லை'ன்னு எழுதின ரிப்போர்ட்டை அவர் முன்னால நீட்டினேன்.

"அந்தப் பொண்ணு பக்கமே பார்த்துக்கிட்டிருந்தா கால் எப்படிண்ணே நடக்கும்?"

"அந்தப் பொண்ணோட ஸ்கிரீனைத்தான் பார்த்தேன் மேடம்" என்றார். "போன திங்கள் அதுக்கு நாலு மார்க். என் நாற்பதைப் பார்த்துட்டு, இனிமே வரமாட்டேன்னு அவங்க அம்மாகிட்ட ஒரே அழுகை. மறுநாள் நான் காலைத் தளர்த்திட்டேன். இன்னிக்குப் பதினாலு."

ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கே வந்துடுங்க, டீச்சர் வர்றதுக்குள்ள டாக்டர் உங்க நடையைப் பார்த்துடட்டும்னு சொன்னேன்.

"வர்றேன். ஆனா டாக்டர் பார்த்ததும் என்னை மெஷினை விட்டு இறக்கிடாதீங்க மேடம். பதினொண்ணுக்கு அந்தப் பொண்ணு ஜெயிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"