நாலாம் பிரஸ்

இடுப்பு வலி உயிரை எடுத்ததால், பாதுகாப்பு அதிகாரியான நான் அன்று தகடு வெட்டும் நாலாம் பிரஸ் மெஷின் வரை நடக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சோதனைப் பட்டியலில் 'சரி' என்று டிக் அடித்தேன். கை உள்ளே மாட்டாமலிருக்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய அதன் பொத்தான்களில் ஒன்றை, வேலை வேகமாக ஓட, சூப்பர்வைசர் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். அதை ஓட்டிய மாசிலாமணிக்கு மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் விபத்து அறிக்கையை அவனிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றிருந்தது.

"எந்தக் கையால சார் போடறது?" கட்டுப் போட்ட கையை என் மூக்குக்கு நேரே தூக்கினான். "அன்னைக்கு அந்தப் பக்கம் தலை காட்டுனியாய்யா? வரலைன்னு எழுதி மொதல்ல நீ போடு."

"என் வேலை போயிடும்ப்பா."

"எனக்கு வெரலே போயிடுச்சு."

நான் வரவில்லை என்ற அந்த ஒரு வரியை அவனுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.