எந்தக் கோடு முதலில்?

"எழுதி முடிச்ச அப்புறம், எந்தக் கோட்டை முதல்ல போட்டோம்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் டாக்சி ஓட்டுநர்.

"எங்க அத்தைக்குத் தெரியும்" என்றாள் பல் டாக்டர், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

சீன எழுத்து வகுப்பு மொத்தமும் சிரித்தது. சமையலில் குறை சொல்லும் மாமியார் உண்டு, துணி மடிப்பதில் குறை சொல்லும் மாமியார் உண்டு. கோடு இழுக்கும் வரிசையில் குறை கண்டுபிடிக்கும் மாமியாரைப் பற்றி அவர்கள் இப்போதுதான் கேள்விப்படுகிறார்கள்.

பல் டாக்டர் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் கப்பலில் இன்ஜினீயர். அத்தையின் மொழி இவளுக்குத் தெரியாது, இவள் மொழி அத்தைக்குத் தெரியாது. நடுவில் நின்று சேதி சொல்வது கணவன்தான். அத்தை மூச்சு விடாமல் என்னென்னவோ சொல்வார். அவன், "சாப்பிட்டியான்னு கேக்கறாங்க" என்று முடித்துவிடுவான். அவ்வளவுக்கும் இவ்வளவுதானா என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவன் மாதக்கணக்கில் கடலுக்குப் போகிறான். திரும்பி வரும்வரை அம்மா என் தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று அவனே முடிவு செய்துவிட்டான். நீங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்து என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டான். அவள் மறுநாளே வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கணவனிடமே கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் புருஷனிடம் கார் ஓட்டப் பழகியவர்களுக்குத் தெரியும் அந்த வம்பு.

பேசப் பழகினால் போதாதா, எதற்கு இந்த எழுத்தோடு மல்லுக்கட்டு என்று டாக்சி ஓட்டுநர் ஒருநாள் கேட்டார்.

"நம்ம பேச்செல்லாம் அவங்ககிட்ட எடுபடாதுங்க. எழுத்துதான் எடுபடும்."

அம்மாடி, பெரிய அதிகாரியாக இருப்பார் போலிருக்கிறதே என்று அவர் அனுதாபப்பட்டார்.

டீச்சருக்கு வேறு கவலை. மற்றவர்கள் வரிசையைக் கோட்டைவிட்டாலும் எழுத்தை அழகாக முடித்தார்கள். பல் டாக்டருக்கு வரிசை ஒருபோதும் பிசகாது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, பெட்டியை மூடும் கோடு கடைசியில். எழுத்து மட்டும் கோணல்மாணலாகக் கிடக்கும்.

"கொஞ்சம் அழகா எழுதுங்க டாக்டர். உங்க அத்தை முகம் சுளிக்கப் போறாங்க."

"கோணலை மன்னிச்சிடுவாங்க டீச்சர். வரிசை மாறினா மட்டும் விடமாட்டாங்க."

கணவன் கிளம்பும் நாள் வந்தது. நாத்தனார் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் போகிற சந்தோஷமும் இல்லை, போகமாட்டேன் என்கிற பிடிவாதமும் இல்லை. யாரும் அவரைக் கேட்டால்தானே.

பல் டாக்டர் அத்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லும்போது இருக்கும் அதே நிதானம்.

நேரமாகிறது, என்ன சொல்லவேண்டுமோ அதை நானே சொல்கிறேன் என்று கணவன் குறுக்கே வந்தான்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இது எங்க ரெண்டு பேர் விஷயம்."

அவள் தாளையும் எடுக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. அத்தையின் உள்ளங்கையை விரித்து, அதில் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கோடாக, வரிசை பிசகாமல் மூன்று சீன எழுத்துகளை எழுதினாள்: 'போக வேண்டாம்.'

பார்வையும் காதும் போன நாளிலிருந்து, கையில் விரல் நகரும் வரிசையை வைத்தே சொல்லைப் படித்துவந்த அத்தை, தடவித் தேடி மருமகளின் கையைப் பிடித்தார். அதே எழுத்துகளில் 'வேண்டும்' என்ற நடு எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, அவளுக்குப் புரியும்படி மெதுவாக எழுதினார்: 'போகவில்லை.'