மரத்துக்குச் செலவில்லை

ஆற்றோரப் புன்னை மரத்தின் பொந்தில் ஓர் அணில் தன் மனைவி, குட்டிகளோடு குடியிருந்தது. அக்கரையில் வாதாம் பழுத்து உதிர்வதைப் பார்த்துப் பார்த்து, சொந்தமாக ஒரு படகு கட்டிவிடுவது என்று முடிவுசெய்தது. தச்சு வேலை தெரிந்த மரங்கொத்தியை வரவழைத்தது.

"எவ்வளவு ஆகும் ஆசாரி?"

"ஆணிக்கு இருபது கொட்டை, கயிற்றுக்குப் பத்து, என் கூலி முப்பது."

அணில் தன் சேமிப்பை எண்ணியது. சரியாக அறுபது இருந்தது.

"எண்ணெய் பூச வேண்டாமா?"

"அட, மறந்தே போச்சு. அதுக்கு ஒரு பதினைஞ்சு. துடுப்பு வேற இருக்கு."

அணில் மறுபடி எண்ணியது. இந்தத் தடவை ஐம்பத்தெட்டுதான் வந்தது. குழப்பத்தில் இரண்டைத் தின்றுவிட்டது அதற்கே தெரியவில்லை.

"கட்டுப்படியாகாது போலிருக்கே!"

"ஏன் கலங்குறீங்க? படகுன்னா பெரிய செலவே மரம்தான். அதுதான் உங்ககிட்டயே இருக்கே. துடுப்பையும் அதுலயே செதுக்கிடலாம்."

அணிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? எண்ணெய்க்கு எப்படியாவது புரட்டிடலாம். நாளைக்கே வேலையை ஆரம்பிங்க!"

மறுநாள் காலையில் மரத்தடியில் மரங்கொத்தி கொத்தத் தொடங்கியது. பொந்து கிடுகிடுவென்று ஆடியது. குட்டிகளை அணைத்துக்கொண்டு மனைவி வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏங்க, மரத்துக்குச் செலவே இல்லைன்னீங்களே, அது எந்த மரம்?"

கீழே கொட்டைகளைப் பரப்பி வைத்திருந்த அணில் தலை நிமிரவில்லை.

"சும்மா இரேன், கணக்கு விட்டுப்போகுது."