பொதுச்சுவர்

சுவரில் கதவு இல்லை.

அவள் புது அறையின் நடுவில் நின்று மறுபடியும் பார்த்தாள்.

சாரத்தை இன்று காலைதான் பிரித்திருந்தார்கள். வடக்கே தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அவளுடைய கொப்பரைக் களம். தலைக்கு மேலே பூசாத கான்கிரீட். பலகையின் ரேகைகள் அதில் அப்படியே பதிந்திருந்தன. தரை, தண்ணீர் தேங்கியதுபோல் மினுங்கியது.

இப்படி ஓர் அறையை அவள் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்திருக்காது.

நான்காவது பக்கம் பழைய வீட்டின் மண்சுவர். ஒரு முழத் தடிமன். அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

மாமனார் வெளியே நின்று கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் என்றால் ஊரில் பிடிவாதம் என்று அர்த்தம். ஒரே மகன் தரணி இறந்துபோன பிறகு, அந்த ஓட்டு வீட்டில் அவரும் மருமகளும்தான். அவள் தாய்வீடு போகவில்லை. களத்தை எடுத்து நடத்தினாள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோணும் அம்மணி" என்றார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநாள் பேசவில்லை.

அவர் மறுபடி கேட்டார். மறுபடியும்.

பிறகு, மாட்டுக்கு ஊசி போட வந்துகொண்டிருந்த டாக்டர் யுவராஜ், ஒருநாள் மாட்டுக்கு ஒன்றும் இல்லாதபோதும் வந்தார்.

வரும் தையில் கல்யாணம். களத்தை விட்டு அவள் எங்கே போவாள், இருவரும் இங்கேயே இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். அடுத்த வாரமே சென்னியப்பன் எஞ்சினியரைக் கூட்டி வந்துவிட்டார்.

"தரணி போட்டோவுக்குக் கீழ ஒருத்தரு எப்படிக் கால நீட்டி உக்காருவாரு?" என்று மட்டும் சொன்னார்.

மருமகளையும் கட்டிக் கொடுக்கிறான், வீட்டையும் கட்டிக் கொடுக்கிறான் என்று பங்காளிகள் டீக்கடையில் சிரித்தார்கள். அவர் தினமும் அதே கடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வேலைக்கு ஆள் கூப்பிடப் போனார்.

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கதவு எங்கீங்க மாமா?"

"இப்பத் தொறந்தயே, அதுதான்."

"நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு?"

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சுத்தி வந்தாப் போச்சு. புதுசாக் குடும்பம் நடத்தப் போறீங்க. நடுவுல கதவு இருந்தா, நான் இருமறது மாப்பிள்ளைக்குக் கேக்கும்."

அவர் மாப்பிள்ளை என்று சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

அவள் உள்ளே திரும்பினாள். மூலையில் கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்தாள். மண்சுவரில் கீழிருந்து மேலே, கை எட்டும்வரை ஒரு கோடு இழுத்தாள். குறுக்கே ஒன்று. மறுபடி கீழே.

சிவப்பாக ஒரு கதவு.

"அந்தப் பக்கம் நான் படுக்கற கட்டில் கெடக்குது" என்றார் வாசலில் நின்று.

"தெரியுமுங்க. தள்ளிப் போடுங்க."

அவர் கண்ணாடி துடைத்த தாளைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே கல் கொடுத்துத் தாங்கிவிட்டு உடைக்கலாம், பயமில்லை என்றார். பென்சிலால் அவள் போட்ட கோட்டை நேராக்கினார்.

"தாப்பா எந்தப் பக்கமுங்க வெக்கறது?"

"மாமா பக்கம்" என்றாள் அவள்.

"அம்மணி பக்கம்" என்றார் அவர்.

இரண்டும் ஒன்றாக விழுந்தன.

கொத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம், கல் ஏற்றிய பிறகு, கடப்பாரை இறங்கியது. பழைய மண் லேசில் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. உள்ளிருந்து வைக்கோல் துணுக்குகள் இன்னும் மஞ்சளாகவே வந்தன.

அவள் தள்ளிப் போகாமல் நின்றாள்.

கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. கண்ணாடி வழியாக வந்திருந்த வெளிச்சம் அதற்குள் புகுந்து, அந்தப் பக்கத்து இருட்டில் மாமனாரின் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தது.

"தூசி அடிக்குது. கண்ண மூடிக்க அம்மணி."

அவள் மூடவில்லை.